சித்ரகலாவின் இரண்டு பிரசவங்கள்

திருப்பூர் அருள்புரத்துப் பனியன் கம்பெனிகளில் சித்ரகலாவை வேகக்காரி என்பார்கள். ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தால் பக்கத்தில் கிடக்கும் துணிக்கட்டு கரைவதே தெரியாது. ஊத்துக்குளிப் பக்கத்துப் பெண். சின்ன வயதிலேயே தகப்பன் தவறிவிட்டார். தாய் சாமியாத்தாள் எருமை வைத்துப் பிழைத்து, வெண்ணெய் எடுத்து விற்று, மகளைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தாள். கட்டிங் மாஸ்டர் மோகன்ராஜைக் கட்டிக்கொண்டு அருள்புரத்துக்கு வந்த சித்ரகலா, கணவனோடும் மாமியார் ஞானாம்பாளோடும் வரிசையாய்க் கட்டிய லைன் வீடு ஒன்றில் குடித்தனம் இருந்தாள்.

முதல் பிள்ளை உண்டானபோது அவளுக்குப் பெரிய மசக்கை எதுவும் இல்லை. ஐந்தாம் மாதத்திலும் ஒன்றரை ஷிப்டு பார்த்தாள். தண்ணீர் தாகம்தான் அதிகமாக இருந்தது. அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருந்தது. வயிற்றில் பிள்ளை இருந்தால் எல்லோருக்கும் அப்படித்தான் என்று பக்கத்து மிஷின் அக்கா சொன்னாள். அதுவும் பாதி உண்மைதான்.

ஆறாம் மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் குளுக்கோஸ் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பார்கள். சித்ரகலா குடித்த வேகத்திலேயே வாந்தி எடுத்துவிட்டாள்.

“வாந்தி எடுத்தா கணக்கு வராதும்மா. இன்னொரு நாளைக்குக் காலையில வா, மறந்துறாத” என்றார் நர்ஸ்.

அவள் மறக்கவில்லை. அந்த வாரம் சரக்கு அனுப்பும் ஷிப்மென்ட் அவசரம். அடுத்த வாரம் சூப்பர்வைசர் லீவு தரவில்லை. அதற்கடுத்து அவளுக்கே, உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றிவிட்டது. ஏழாம் மாதம் தாய் வீட்டுச் சனம் கட்டுச்சோறு கொண்டுவந்து, வளையல் போட்டு, அவளை ஊத்துக்குளிக்கு அழைத்துப் போய்விட்டார்கள்.

சாமியாத்தாள் அதுவரை யாருக்கும் செய்யாத கவனிப்பை மகளுக்குச் செய்தாள். காலையில் நெய் விட்ட பருப்புஞ்சோறு. மத்தியானம் கெட்டித் தயிர். சாயங்காலமானால் எள்ளுருண்டையோ போளியோ ஏதாவது ஒன்று. வயிறு நாளுக்கு நாள் பெருத்தது. பார்க்க வந்தவர்கள் ரெட்டைப் பிள்ளையா என்று கேட்டார்கள். தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தபோது, பனிக்குடத் தண்ணீர் கொஞ்சம் அதிகம், குழந்தையும் நல்ல எடை என்றார்கள். அதைக் கேட்டு சாமியாத்தாளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. எடை என்றால் திடம், திடம் என்றால் ஆரோக்கியம் என்றுதான் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

வலி கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று காலையில் எல்லாம் சரியாகத்தான் போனது. தலை வெளியே வந்தது. அதோடு நின்றுவிட்டது. அதுவரை சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்த டாக்டரின் குரல் சட்டென்று மாறியதைச் சித்ரகலா கவனித்தாள். இரண்டு பேர் அவள் கால்களை மடக்கி நெஞ்சை நோக்கி அழுத்தினார்கள். ஒருவர் அடிவயிற்றில் கையை வைத்து அமுக்கினார். தோள் மாட்டிக்கொண்டது என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. பிள்ளை வெளியே வந்தபோது அழுகைச் சத்தம் இல்லை. பிறகு, அறையின் இன்னொரு மூலையில், மெல்லிய ஒரு கேவல்.

ஆண் குழந்தை. நாலே கால் கிலோ. ஞானாம்பாள் ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஒறம்பரை, சொந்தபந்தங்களுக்கெல்லாம் போன் போட்டு முதலில் எடையைத்தான் சொன்னாள். சாயங்காலத்துக்குள் குழந்தைக்குக் கைகால் நடுங்க ஆரம்பித்தது. பால் குடிக்கவில்லை, அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டது. ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று சொல்லி, பச்சிளங்குழந்தைகள் பிரிவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

மறுநாள் சித்ரகலாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய்க் காட்டினார்கள். கொழுகொழுவென்று, கன்னம் சிவந்து, மூன்று மாதக் குழந்தை மாதிரி இருந்தான். இடது கையை முறுக்கி முகத்துக்குக் கொண்டு போனான். வலது கை மட்டும் பக்கத்தில் நீட்டிக் கிடந்தது. உள்ளங்கை பின்பக்கம் திரும்பியிருந்தது. வேறு யாருடைய கையையோ கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தது போல.

குழந்தைகள் டாக்டர் ஒரு பெண். அவர் முதலில் ஒரு கேள்விதான் கேட்டார்.

“மாசமா இருக்கறப்ப சர்க்கரை பார்த்தீங்களாம்மா?”

சித்ரகலா குளுக்கோஸ் தண்ணீரை வாந்தி எடுத்ததைச் சொன்னாள். பிறகு போகாமல் விட்டதையும் சொன்னாள். டாக்டர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

“உங்க ரத்தத்துல சர்க்கரை ஏறுனா, அது தொப்புள்கொடி வழியா அப்படியே குழந்தைக்குப் போயிடும். ஆனா அதைச் சமாளிக்கற உங்க இன்சுலின் கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது. அப்ப குழந்தை என்ன பண்ணும்? தானே அதிகமா இன்சுலின் சுரந்து, அத்தனை சர்க்கரையையும் கொழுப்பாக்கி வெச்சுக்கும். தோள்லயும் வயித்துலயும்தான் அது சேரும். தலை வந்துடும், தோள் வராது. வெளிய எடுக்கறப்ப கழுத்து நரம்பு இழுபட்டிருக்கு. அதான் கை.”

“நடுக்கம் எதுக்குங்க?”

“கொடியை வெட்டுனதும் உங்ககிட்ட இருந்து வந்த சர்க்கரை நின்னுபோச்சு. அவனுக்குச் சுரக்கற இன்சுலின் உடனே நிக்காதில்ல? இருக்கற சர்க்கரையையும் அது தின்னுடுது. இது ரெண்டு மூணு நாள்ல சரியாயிடும். கைக்குத்தான் நாளாகும். நிறையக் குழந்தைகளுக்கு முழுசா திரும்பிடும். சிலருக்குக் கொஞ்சம் குறை நிக்கலாம்.”

அன்று மத்தியானம் சாமியாத்தாள் வழக்கம்போலத் தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்தாள். மூடியைத் திறந்ததும் நெய் வாசம் அறை முழுக்கப் பரவியது. சித்ரகலா அதைப் பார்த்தாள். உள்ளே அடைத்துக் கிடந்ததெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது.

“நீ ஊட்டி ஊட்டித்தாம்மா இப்படி ஆச்சு. என்ற புள்ள கை போனது உன்னாலதான்.”

சாமியாத்தாள் தூக்குப்போசியை மூடினாள். அதன் பிறகு மகளையும் பேரனையும் பார்க்க வாரா வாரம் வந்துகொண்டுதான் இருந்தாள். ஆனால் தின்பதற்கு ஒரு பொருள் கொண்டுவந்ததில்லை. வெண்ணெய் விற்கிறவள் மகள் வீட்டுக்கு வெறுங்கையோடு வந்து போவதை ஞானாம்பாள் கூட ஒருமுறை ஜாடையாகக் கேட்டாள். சித்ரகலாவுக்குக் காரணம் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

பிள்ளைக்கு நித்தீஷ் என்று பெயர் வைத்தார்கள். சித்ரகலா வேலையை விட்டாள். திருப்பூர் அரசு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்கிற பெண் சொல்லித் தந்தபடி, ஒவ்வொரு முறை துணி மாற்றும்போதும் அவன் தோளைத் தூக்கி இறக்க வேண்டும். முழங்கையை மடக்கி நீட்ட வேண்டும். மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். இழுக்கக் கூடாது. செய்யாமல் விட்டால் மூட்டு இறுகிவிடும். குழந்தை வீறிட்டு அழுவான். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்ப்பார்கள். அவள் நிறுத்த மாட்டாள். தன் கண்ணைத் துடைக்க அவளுக்குக் கை ஒழியாது.

மூன்றாம் மாதக் கடைசியில் முழங்கை லேசாக மடங்கியது. மோகன்ராஜ் கம்பெனியில் இருந்தான். சேதி கேட்டதும் கத்தரியை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டான். ஒரு வயதில் நித்தீஷ் வலது கையால் முறுக்கைப் பிடித்தான். வாய்க்குக் கொண்டுபோகும்போது முழங்கை மட்டும் கோழி இறக்கை மாதிரி பக்கவாட்டில் தூக்கிக்கொள்ளும். மூன்று வயதில் கை தோள் மட்டம் வரை எழுந்தது. அதற்கு மேலே போகவில்லை. ஆபரேஷன் வரைக்கும் போக வேண்டியதில்லை, ஆனால் இனி பெரிய மாற்றம் எதிர்பார்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். சட்டை போடும்போது முதலில் வலது கையை நுழைத்துக்கொள்ள அவனாகவே பழகிக்கொண்டான்.

அவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் சித்ரகலா பழைய கம்பெனியிலேயே செக்கிங் வேலைக்குத் திரும்பினாள். இன்னொன்று பெற்றுக்கொள்ளச் சொல்லி ஞானாம்பாள் கேட்கும்போதெல்லாம் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள். ஆனாலும் ஒரு மாதம் நாள் தள்ளிப் போனது.

அதை மோகன்ராஜிடம் சொன்னாள்.

“உனக்கு வேண்டாம்னா வேண்டாம் சித்ரா. அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்.”

“எனக்கு வேணுமுங்க. பயமாவும் இருக்குதுங்க” என்றாள்.

அடுத்த நாள் காலையிலேயே சுகாதார நிலையத்தில் போய் நின்றாள். பெயர் பதிவதற்கு முன்னால் சர்க்கரை பாருங்கள் என்று அவளாகக் கேட்டாள். குளுக்கோஸ் தண்ணீரை ஒவ்வொரு வாயாக, நேரம் எடுத்துக் குடித்து முடித்தாள். சர்க்கரை இருந்தது. அவளைத் திருப்பூர் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கிருந்த மகப்பேறு டாக்டர் ஞானாம்பாளின் வயதுக்காரர். முதல் பிரசவத்தின் கதையைக் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“ஒரு தடவை வந்தவங்களுக்குத் திரும்ப வர வாய்ப்பு அதிகம்மா. இந்தத் தடவை சீக்கிரமே ஏறியிருக்கு. குழந்தையோட உறுப்பெல்லாம் உருவாகற நேரம் இது. அதனால அஞ்சாம் மாசம் இதயத்தைத் தனியா ஒரு ஸ்கேன் பார்த்துடலாம். இப்பவே பயப்பட வேண்டாம், ஆனா விட்டுடவும் கூடாது.”

சித்ரகலா வெகுநாளாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டாள். “மேடம், போன தடவை நெய், இனிப்பெல்லாம் நெறைய தின்னதாலதானுங்க வந்துச்சு?”

“அது ஒண்ணாலயே வர்றதில்லம்மா. நஞ்சுக்கொடியில சுரக்கற ஹார்மோன் தாயோட இன்சுலினைச் சரியா வேலை செய்ய விடாது. பெரும்பாலானவங்க உடம்பு கூடுதலா சுரந்து சமாளிச்சுடும். சிலர் உடம்பால முடியாது. இனிப்பு தின்னா சர்க்கரை இன்னும் ஏறும், அவ்வளவுதான். உங்க வீட்டுல யாருக்காவது சர்க்கரை இருக்கா?”

“எங்கம்மாவுக்கு இருக்குதுங்க. மாத்திரை சாப்பிடறாங்க.”

டாக்டர் தலையாட்டினார். பஸ்ஸில் திரும்பி வரும்போது சித்ரகலா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். தாயிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அந்த வாரம் சாமியாத்தாள் வந்தபோது, உண்டாகியிருக்கிறேன் என்பதை மட்டும் சொன்னாள். மற்றதைச் சொல்லாமல் விட்டாள்.

சாப்பாட்டைப் பிரித்துப் பிரித்துச் சாப்பிட்டாள். கம்பெனி டீயும் பன்னும் நின்றன. சுண்டலும் வெள்ளரிக்காயும் டப்பாவில் வந்தன. அப்படியும் சர்க்கரை கட்டுக்குள் நிற்காததால் இன்சுலின் ஊசி போடச் சொன்னார்கள். ஞானாம்பாள் பிடிவாதமாக மறுத்தாள்.

“மாசமா இருக்கறவளுக்குத் தெனமும் ஊசி போட்டா வயித்துல இருக்கற உசுருக்கு ஆகுமா? எங்காலத்துல இதெல்லாம் ஆரு போட்டா?”

“ஊசி மருந்து கொழந்தைக்குப் போகாதுங்க அத்தை. சர்க்கரைதான் போகும்” என்றாள் சித்ரகலா. குரல் உயரவில்லை. “நித்தீஷ் கையைப் பாருங்க. ஊசி போடாததுக்கு ஆன கோலம் அது.”

ஞானாம்பாள் பேரனைப் பார்த்தாள். அவன் தரையில் படுத்து இடது கையால் படம் வரைந்துகொண்டிருந்தான். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. முதல் ஊசியை மோகன்ராஜ்தான் போட்டான். அடுக்கடுக்காகத் துணியைப் போட்டு மிஷின் கத்தியை வளைத்து ஓட்டுகிறவன், அந்தச் சின்ன ஊசியைத் தொடையில் குத்த முடியாமல் வியர்த்துப் போனான்.

ஐந்தாம் மாத ஸ்கேனில் இதயம் சரியாக இருந்தது. எட்டாம் மாதம் ஒரு மத்தியானம், செக்கிங் டேபிளில் நின்றிருந்தபோது, காலையிலிருந்து குழந்தை அசையவே இல்லை என்று அவளுக்கு உறைத்தது. அசைவு குறைந்தால் ஒரு நிமிடம் யோசிக்காமல் வந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சூப்பர்வைசரிடம் சொல்லக்கூட நிற்கவில்லை. ஆட்டோவில் போகும் வழியெல்லாம் வயிற்றைத் தடவிக்கொண்டே போனாள். ஆஸ்பத்திரியில் வயிற்றில் பெல்ட்டைக் கட்டி மிஷினை ஓடவிட்டபோது, குதிரை ஓடுகிற மாதிரி இதயத் துடிப்பு கேட்டது. அவளால் அழுகையை அடக்க முடியவில்லை. நர்ஸ் திட்டவில்லை. “அழுதுக்கோ, ஆனா ஆடாம அழு” என்றார்.

முதல் பிரசவத்தில் தோள் மாட்டியதால், இந்த முறை நாள் குறித்துச் சிசேரியன் செய்தார்கள். பெண் குழந்தை. மூன்று கிலோவும் கொஞ்சமும். திரைக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து காட்டியபோது சித்ரகலா முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைத்தான் பார்த்தாள். இரண்டும் காற்றில் துழாவின.

குழந்தையின் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தார்கள். முதல் முறை கொஞ்சம் குறைவாக இருந்தது. உடனே பால் கொடுக்கச் சொன்னார்கள். அடுத்த முறை ஏறியிருந்தது.

மறுநாள் வார்டில் சாமியாத்தாள் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் வந்து இன்னொரு முறை குதிகாலில் குத்திவிட்டுப் போனார். சாமியாத்தாள் அந்தச் சின்னக் காலைத் தன் உள்ளங்கையில் வாங்கித் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

“உனக்கு முன்னால ஒருத்தன் இருந்தான் கண்ணு” என்றாள்.

சித்ரகலாவுக்கு முதலில் புரியவில்லை.

“ஒம்பதாம் மாசம் அசைவு நின்னு போச்சு. தூங்கறான்னு நெனச்சுட்டு இருந்தேன். ரெண்டு நாள் கழிச்சு வலி வந்துச்சு. நல்ல பெரிய கொழந்தை. மருத்துவச்சி ரெண்டு கையிலயும் ஏந்திக் காட்டுனா, அப்படி ஒரு வளத்தி. கண்ணைத் தொறக்கவே இல்ல. கிரகணத்தன்னைக்கு நான் கட்டுத்தாரைக்குப் போயிட்டேன்னு என்ற மாமியா, உன்ற அப்பாயி சொல்லிச்சு. மாட்டுக்குத் தண்ணி காட்டத்தான் போனேன். சாகற வரைக்கும் அதையே சொல்லிச்சு. என்னைக் கட்டுன உன்ற அய்யனும் ஒருநாக்கூட இல்லைன்னு சொல்லல.”

“ஏம்மா எங்கிட்டச் சொல்லல?”

“என்னன்னு சொல்லறது? ஒருத்தனை நான் கொன்னேன்னாங்க. பொறகு நித்தீஷ் கையும் என்னாலதான்னு நீ சொன்ன. எனக்கும் அப்படித்தான் இருக்குமோன்னு ஆயிருச்சு.”

சித்ரகலா எழ முயன்றாள். தையல் இழுத்தது. கையை நீட்டித் தாயின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “அன்னைக்கு நான் பேசுனது தப்பும்மா. நெய்யால வரல. பாப்பா உண்டானப்பவே டாக்டர் சொன்னாங்க. உங்கிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல.”

டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது, தையலைப் பற்றி அவர் கேட்பதற்கு முன் சித்ரகலா தாயின் கதையைச் சொன்னாள். டாக்டர் சாமியாத்தாளின் பக்கம் திரும்பினார். சர்க்கரை எத்தனை வருடமாக இருக்கிறது, அந்தக் குழந்தையைச் சுமந்தபோது தாகம் எடுத்ததா என்று கேட்டார்.

“குடங்குடமாக் குடிப்பேனுங்க.”

“சர்க்கரையா இருந்திருக்கலாம்மா. கட்டுக்குள்ள இல்லைன்னா கடைசி மாசத்துல அப்படிக் குழந்தை உள்ளேயே தவறிப்போறது உண்டு. இத்தனை வருஷம் கழிச்சு உறுதியாச் சொல்ல முடியாது. அப்ப உங்களுக்கு யாரும் பார்த்திருக்கவும் மாட்டாங்க. ஆனா கிரகணத்தால இல்ல. நீங்க மாட்டுக்குத் தண்ணி காட்டுனதால இல்ல. அது நிச்சயம்.”

“இன்னொருக்கா சொல்லுங்க சாமி” என்றாள் சாமியாத்தாள்.

டாக்டர் மறுபடியும் சொன்னார். சாமியாத்தாள் எழுந்து வராந்தாவுக்குப் போனாள். அங்கே குழாயடியில் நின்று முகத்தைக் கழுவினாள். தண்ணீர் ஓடுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஞானாம்பாள் எழுந்து போய், ஒன்றும் கேட்காமல், தன் முந்தானையைத் துடைக்கக் கொடுத்தாள்.

எருமைகளைப் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, சாமியாத்தாள் மூன்று மாதம் அருள்புரத்திலேயே இருந்தாள். சித்ரகலாவின் சர்க்கரை தானாக இறங்கிவிட்டது. ஆனால் அது இனி எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம், வருடா வருடம் பார்க்க வேண்டும் என்றார்கள். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் வளர்ந்த பிறகு சர்க்கரை வர வாய்ப்புண்டு, எடை ஏறாமல் ஓடியாடி விளையாட விடுங்கள் என்றும் சொன்னார்கள். சித்ரகலா இரண்டையும் மனதில் வாங்கிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாப்பா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே போட்டுக்கொண்டு தூங்கியது. நித்தீஷ் பக்கத்தில் படுத்துத் தானும் அப்படிச் செய்து பார்த்தான். இடது கை போனது. வலது கை பாதியில் நின்றது.

“பாப்பாவுக்கு மட்டும் எப்படிம்மா ரெண்டும் போகுது?”

ஞானாம்பாள் பேச்சை மாற்றப் பார்த்தாள். சித்ரகலா அவளைக் கையமர்த்தினாள். மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நீ என்ற வயித்துல இருந்தப்ப அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல கண்ணு. அது எனக்கே தெரியல. நீ ரொம்பப் பெருசா வளந்துட்ட. வெளிய வர்றப்ப தோள் மாட்டிக்கிச்சு. எடுக்கறப்ப நரம்புல அடிபட்டிருச்சு.”

“ரொம்ப வலிச்சுதா?”

“உனக்கா, எனக்கா?”

“எனக்கு.”

“வலிச்சிருக்கும். நீ அழுத.”

பாப்பாவுக்கு அப்படி ஆகவில்லையா என்று நித்தீஷ் கேட்டான். இல்லை, அம்மா இந்தத் தடவை முன்னாலேயே பார்த்துக்கொண்டேன் என்றாள் சித்ரகலா. அவன் சரி என்று தலையாட்டினான். வெளியே பிள்ளைகள் கூப்பிடுகிற சத்தம் கேட்டதும் எழுந்து ஓடினான்.